அழாத மாப்பிள்ளை

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறேன். என் தங்கை கேன்சரில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நாலாவது படிக்கும் மகளைத் தனியாளாக வளர்க்கிறார். பொங்கலுக்கு எல்லோரும் அம்மா வீட்டில் கூடியிருந்தபோது டிவியில் ‘தெய்வத்திருமகள்’ போட்டார்கள். கோர்ட் காட்சியில் வீடே அழுதது. மாப்பிள்ளை மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பெண்டாட்டி போனதே இவருக்கு உறைக்கவில்லை என்று அம்மாவுக்கு வருத்தம். படம் முடிந்ததும், “படத்தில் அந்த அப்பனே பிள்ளையைச் சித்தியிடம் விட்டுவிட்டான், இவருக்கு ஏன் அந்தப் புத்தி வரவில்லை?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எனக்கு ஒரே மகன், வசதிக்குக் குறைவில்லை. அவருக்கு நைட் ஷிப்ட் வந்தால் குழந்தை பக்கத்து வீட்டில்தான் தூங்குகிறாள். குழந்தையைக் கொடுங்கள் என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

பின்குறிப்பு: கிளம்பும்போது குழந்தை என் காதில், “பெரியம்மா, அப்பா என்னை உங்க வீட்ல விட்ருவாரா?” என்று கேட்டாள். பாவமாக இருந்தது.

பதில்: உங்கள் கடிதத்தை நான் பின்குறிப்பிலிருந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த ஹாலில் படம் பார்த்தவர்களில் கதையைத் தன் கதையாகவே எடுத்துக்கொண்டது அந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்திதான். அவள் அழுதாளா என்று நீங்கள் எழுதவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எல்லோர் கண்ணும் அவள் அப்பாவின் முகத்தில் இருந்திருக்கிறது.

அந்தப் படத்தை நான் 2011 ஜூலையில், வந்த புதிதில் தியேட்டரில் பார்த்தேன். கூண்டில் நிற்கும் விக்ரமும் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெண்ணும் வாய் திறக்காமல் சைகையிலேயே பேசிக்கொள்வார்களே, அந்த இடத்தில் என் வரிசை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். நானும்தான். வெளியே வந்ததும் பார்க்கிங்கில் இரண்டு பேர், இது 2001ல் வந்த ‘ஐ ஆம் சாம்’ என்ற ஆங்கிலப் படத்திலிருந்து எடுத்தது என்று கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு அப்போதும் இப்போதும் அதில் சுவாரசியம், நம்மவர்கள் எதை மாற்றினார்கள் என்பது. ஆங்கிலப் படத்தில் அம்மா சாகவில்லை, பெற்றுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். குழந்தையைப் பிரிப்பது அரசாங்கம். தமிழில் அம்மா பிரசவத்திலேயே இறந்துபோகிறாள். குழந்தையைக் கேட்டு வருவது அவளுடைய அப்பாவும் தங்கையும். கேஸ் போடுவது அரசாங்கம் என்றால் நாம் கொட்டாவி விட்டிருப்போம். மாமனார் வீட்டுக்கும் மருமகனுக்கும் நடுவே ஒரு குழந்தை என்றால் அது நம் வீட்டுக் கூடத்தில் நடக்கிற சண்டை.

முடிவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் குழந்தையை வளர்க்க எடுத்த பெண்ணே அவளை அப்பாவிடம் கொண்டுவந்து விடுகிறாள். தமிழில் அப்பா வழக்கில் ஜெயித்துவிட்டு, அப்புறம் தானாகவே குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிடுகிறான். இவனல்லவோ அப்பா என்று கைதட்டியவர்களும் உண்டு, இதற்கு எதற்கு இவ்வளவு நேரம் கோர்ட்டில் நின்றான் என்று எரிச்சல்பட்டவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. உங்கள் அம்மா முதல் கட்சி. அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம், சண்டை வேண்டாம். ஆனால் படத்தில் அந்த அப்பா ஏன் கொடுக்கிறான் என்பதை நீங்களும் அம்மாவும் சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். அவன் வளர்ந்த உடம்புக்குள் குழந்தை மனம் உள்ளவன். மகளின் படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் தன்னால் ஈடுகொடுக்க முடியாது என்று நினைத்துக் கொடுக்கிறான். உங்கள் தங்கை மாப்பிள்ளை ஷிப்ட் பார்த்து, சமைத்து, தலை பின்னிவிட்டு, மூன்று வருஷமாக அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவர் குழந்தையைக் கவனிக்கவில்லை என்று ஒரு குறைகூட நீங்கள் எழுதவில்லை. அழவில்லை என்பது மட்டும்தான் குறை.

அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் அழுவது சுலபம், இருட்டு இருக்கிறது. பக்கத்து சீட்காரர் நம் சொந்தக்காரர் இல்லை. உங்கள் மாப்பிள்ளை டியூப் லைட் வெளிச்சத்தில், மனைவியின் வீட்டில், மனைவியின் போட்டோவுக்குக் கீழே, இவர் எப்போது அழுவார் என்று காத்திருக்கும் சொந்தங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தால், “பாவம், தனியாகச் சமாளிக்க முடியவில்லை, பிள்ளையை நாம் எடுத்துக்கொள்வோம்” என்றிருப்பீர்கள். அழாததால், “கல்நெஞ்சு, பிள்ளையை நாம் எடுத்துக்கொள்வோம்” என்கிறீர்கள். வண்டியைத் துடைக்கப் போனது எவ்வளவோ மரியாதையான காரியம். நானாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கே போயிருப்பேன்.

உங்கள் அம்மா அழுதது விக்ரமுக்காக என்று நீங்கள் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படத்தில் செத்துப்போன பெண்ணைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பெண்ணைப் பறிகொடுத்த ஒரு தாய் அதைப் பார்க்கும்போது, மிச்சக் கதையை அவரே தன் மனசுக்குள் ஓட்டிக்கொள்வார். பேத்தியைக் கேட்பது பாதி, மகளைத் திருப்பிக் கேட்பது பாதி. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு முடிவெடுக்கவும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது உறவினர் “கேஸ் போட்டால் கிடைக்கும்” என்று தூபம் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் வருஷத்து இந்து மைனர், கார்டியன் சட்டப்படி கல்யாணமாகாத மைனர் பெண்ணுக்கு இயற்கையான கார்டியன் அப்பா. அவரிடமிருந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றால், அங்கே அவள் நலம் கெடுகிறது என்று காட்ட வேண்டும். உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019ல் தீர்ப்பானது. அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார், குழந்தையை அம்மாவின் உடன்பிறந்தவர்கள் பாசமாகத்தான் வைத்திருந்தார்கள். அப்பா கேட்டார். நீதிமன்றம் குழந்தையை அப்பாவிடம் கொடுத்தது. பாசமாக வளர்த்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் அது மட்டும் போதவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழந்தையைக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். “நைட் ஷிப்ட் வாரத்துக்கு என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் நிஜமான பிரச்சினை அது ஒன்றுதான். அம்மாவை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம், போனிலும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்குப் போங்கள். அந்த வாரம் முழுக்க நீங்கள் அங்கே போய்த் தங்க முடியுமா, இல்லை, சனி ஞாயிறு மட்டும் குழந்தை உங்களிடம் வரட்டுமா, மில்லில் ஷிப்டை மாற்றிக் கேட்க முடியுமா என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். பக்கத்து வீட்டு அக்காதான் சரி என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக அந்தக் குழந்தைக்குத் தலையணை போட்டவர் அந்த அக்கா, அவருக்கு ஒரு நன்றியாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. பெண்ணுக்கு ஒன்பது வயது. இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் வயசுக்கு வருவாள். நாப்கின் முதல் உள்ளாடை வரை யாரிடம் கேட்பது என்று அந்த மனிதருக்கு இப்போதே வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருக்கும், ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டார். “அந்த நேரத்தில் நான் இருக்கிறேன் மாப்பிள்ளை” என்று நீங்களாகவே சொல்லிவையுங்கள். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் நம்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. அப்பாக்களைச் சேர்க்க நம்மூர் அம்மாக்களுக்கு ஒரு கூச்சம். அதனால் கலர் டிரெஸ் நாளில் யூனிஃபார்மில் போய் நிற்பது இந்த மாதிரிப் பிள்ளைகள்தான்.

உங்கள் அம்மா கூடிய சீக்கிரம் இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுப்பார் என்றும் எனக்குத் தோன்றுகிறது. 1990ல் வந்த ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி.பி. மனைவியை இழந்த அப்பாவாக வருவார். மகளுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இன்னொரு கல்யாணத்தை விட்டுவிடுவார். ஊரெல்லாம் அதில் அவர் மூச்சு விடாமல் பாடின பாட்டைத்தான் பேசியது, அந்த மனுஷன் அத்தனை வருஷம் தனியாக இருந்ததை யாரும் பெரிதாகப் பேசின ஞாபகம் இல்லை. மறுமணம் அவரும் அவர் மகளும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். நீங்கள் தள்ளியும் விட வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், இந்த இதழைப் படித்து முடித்த கையோடு செய்ய வேண்டியது ஒன்று. குழந்தை உங்கள் காதில் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமல் தலையைத் தடவி அனுப்பிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் போன் செய்யுங்கள். “அது சினிமா கண்ணு. நீ உங்கப்பாகூடத்தான் இருப்ப. பெரியம்மா வீட்டுக்கு லீவுக்கு வருவ, திரும்பிப் போயிடுவ” என்று சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்வியை அவள் அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தை இப்போதைக்குக் காட்ட வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு டிவியில் வேறு ஏதாவது போடுங்கள்.