யாரோ போட்ட சண்டைக்கு நாம் ஏன்?

அன்புள்ள ஐயா,

மியான்மரிலிருந்து மிசோரமுக்கு ஓடி வந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எந்த நாட்டிலோ யாரோ போட்ட சண்டைக்கு நாம் ஏன் சோறு போட வேண்டும்? எங்கள் பக்கம் ஏற்கெனவே வெளி ஆட்கள் வந்து வாடகை ஏறிக் கிடக்கிறது. இரக்கம் வேறு, நாடு நடத்துவது வேறு இல்லீங்களா?

ஒரு வாசகர், பெருந்துறை

வணக்கங்க,

வாடகை ஏறியது உண்மை, அதைச் சொல்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கமாட்டேன். வருகிறவர் யார், என்ன பின்னணி என்று அரசு விசாரிக்கவும் வேண்டும். ஆனாலும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பேன்.

குண்டு விழும் ஊரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எவ்வளவு தூரம் போவார், பக்கத்து நாட்டுக்குத்தான் வருவார். 1971ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய 1 கோடிப் பேர் வந்தார்கள், நம்மைக் கேட்டுக்கொண்டா வந்தார்கள்? 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் ராமேஸ்வரம் கரைக்குப் படகுகள் வந்தபோதும் அப்படித்தான். கரையேற விடுவதா, திரும்பக் கடலுக்கே தள்ளுவதா, வேறு வழி கிடையாது. நாம் கரையேற்றினோம். அப்புறம் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

போன வருஷம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு தம்பி வந்தார், பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். பட்டி பார்த்த சுவரில் பல்பைப் பக்கவாட்டில் பிடித்து, நிழல் விழுகிற இடத்தையெல்லாம் உள்ளங்கையால் தடவித் தடவி உப்புத்தாள் போடுவார், அப்படி ஒரு வேலைக்காரர். ஹால் சுவர் பாதியில் நிற்கும்போது மத்தியானமே பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். "காலையில முகாம்ல செக்கிங்ணா, ஆள் இல்லைன்னா பேரை எடுத்துருவாங்க."

அவர் பிறந்தது இங்கேதான், 1991ல். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டு பேருமே அக்கரையிலிருந்து வந்தவர்கள். பக்கத்து நாடுகளிலிருந்து வந்தவர்களில் சிலருக்குக் குடியுரிமைக்கு வழி விட்ட 2019 சட்டத் திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான் இருந்தன, இலங்கை இல்லை. 2021ல் அகதிகள் முகாம் என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் குடியுரிமை வரவில்லையே.

சோறு போடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் என்னிடம் வாங்கியது கூலி, அதுவும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை. நம் பனியன் கம்பெனி கேட்டுகளில் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குவதை நீங்களும் தினமும் பார்க்கிறீர்கள்.

நாடு நடத்துவது பற்றிக் கேட்டீர்கள், சரி. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவில்லை. அகதி என்றால் யார், அவருக்கு எது எப்போது கிடைக்கும் என்று சொல்லும் தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால்தான் திபெத்தியருக்கு ஒரு மாதிரி, ஈழத்தவருக்கு ஒரு மாதிரி என்று அந்தந்த நேரத்து உத்தரவில் ஓடுகிறது. இத்தனை வருஷம் தங்கினால் குடியுரிமை கேட்கலாம் என்று ஒரு வரி அன்றைக்கே எழுதி வைத்திருந்தால், அந்தத் தம்பி ஹால் சுவரை முடித்துவிட்டு நிதானமாக பஸ் ஏறியிருப்பார்.

அன்புடன்.