8 இலட்சத்தில் கலியாணம் செய்யலாம், 11 பவுண் தாலிக்கொடியை விட்டால்

கேள்வி: நான் கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். பெண்ணின் ஊர் மல்லாவி. இரண்டு வீட்டாரும் செலவைச் சேர்ந்து பார்ப்பதாகப் பேச்சு. எல்லாமாக 8 இலட்சம் ரூபாய் இருக்கிறது. முரசுமோட்டையில் எங்களுக்கு 2 ஏக்கர் வயல் உண்டு. தை மாதக் கடைசியில் கலியாணத்தை வைத்தால் குறையை நெல்லுக் காசில் நிரவலாம் என்கிறார் அம்மா. தாலிக்கொடி 11 பவுணில் செய்ய வேண்டும், 400 பேருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அவருடைய ஆசை. எங்கள் இருவருக்கும் 100 பேர் போதும். கடன்படாமல் முடியுமா?

பதில்: முடியும் தம்பி. ஆனால் முதலில் கொடியைப் பேசித் தீர்க்க வேண்டும். மண்டபம், சாப்பாடு, வீடியோ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

11 பவுண் என்றால் 88 கிராம். ஒரு பவுண் 2 இலட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. அப்படியென்றால் பொன்னுக்கு மட்டும் 22 இலட்சத்துக்கு மேல், கூலியும் சேதாரமும் வேறு. உங்கள் கையில் உள்ள முழுக் காசுக்கும் நாலு பவுண்கூட வராது. தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் சடங்கில் நெருப்புக்குப் போவது ஒரு பொன் நாணயம்தான். சடங்கு கேட்பது தாலியை. கொடியின் பாரத்தைக் கேட்பது சபையில் இருக்கும் கண்கள். தாலியை இப்போது உருக்கி மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய சங்கிலியிலோ கோத்துக் கட்டுங்கள். கொடியை நாலைந்து வருடத்தில் ஆறுதலாகச் செய்யலாம். அம்மாவிடம் பழைய தோடோ உடைந்த காப்போ இருந்தால் அதையும் உருக்கலில் சேர்க்கக் கேளுங்கள். தன் பொன்னும் மருமகளின் தாலியில் இருக்கிறது என்றால் அவருடைய மனமும் ஆறும். ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். 2009 இறுதி யுத்தத்தில் கழுத்தில் கிடந்ததை அரிசிக்கும் பால்மாவுக்கும் கழற்றிக் கொடுத்த தாய்மார் வன்னியில் எத்தனை பேர். அப்படி ஒருவர் 11 பவுண் என்று கேட்டால் அதை வெறும் பகட்டு என்று நான் சொல்லமாட்டேன். அதனால் கணக்குக் கொப்பியோடு போய் வாதாடாமல், இருந்து கதையுங்கள்.

அடுத்தது நாள். காலபோக நெல் தை கடைசியில் பல வயல்களில் இன்னும் நிற்கும். வெட்டி, காயவைத்து, விற்று, காசு கைக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும். அறுவடை நேரத்தில் எல்லோரும் விற்பதால் விலையும் இறங்கியிருக்கும். ஆகவே தையில் கலியாணம் என்றால் வராத காசைச் செலவழிக்கிறீர்கள். இடைவெளியை நிரப்ப அடைவுகடையும் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனும்தான் வாசலில் நிற்கும். வைகாசிக்குத் தள்ளுங்கள். நெல்லும் விற்றிருக்கும், மழையும் இராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும் நாட்களை மட்டும் விலக்குங்கள். அந்தக் கிழமையில் வாகனமும் கிடைக்காது, சனமும் வராது. வெளிநாட்டுச் சொந்தம் யாராவது அனுப்புவதாகச் சொல்லியிருந்தால், காசு வங்கிக்கு வரும்வரை அதைக் கணக்கில் எழுதாதீர்கள். மொய்யையும் அப்படியே. அது வருமானம் இல்லை, திருப்பிச் செய்யவேண்டிய கடன்.

சரி, இனி ஆட்கள். 400 ஐ 100 ஆக்குவது நம் ஊரில் நடக்காது. கறிக்காய் வெட்ட வரும் அயலட்டையை விட்டுவிட்டு யாருக்குச் சொல்வீர்கள்? நான் சொல்லும் வழி இதுதான். காலையில் கோயிலில் தாலிகட்டு, மத்தியானம் ஒரே சாப்பாடு, மொத்தம் 120 பேர். மிச்சச் சனத்துக்கு மறுநாள் பின்னேரம் வீட்டில் தேத்தண்ணியும் பலகாரமும். முதல் நாளே போய், “கோயிலில் சின்னதாகச் செய்கிறோம், நாளை மறுநாள் வீட்டுக்கு வாருங்கள்” என்று நேரில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும். பிந்திச் சொன்னால் முகத்தை மட்டும் கொஞ்சம் சுழிப்பார்கள்.

சாப்பாட்டில் காசு கசியும் இடம் மத்தியானப் பந்தி அல்ல. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும், 120 பேருக்கு 15 கிலோ. சமையல்காரர் 25 என்று கேட்பார். 17 க்கு மேல் கொடுக்காதீர்கள். உங்கள் வயல் நெல்லையே குத்தினால், ஒரு மூட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அரிசி வரும், அதுவே தாராளம். கசிவது முதல் நாள் இரவில்தான். பலகாரம் சுடவும் காய் வெட்டவும் வருகிற முப்பது நாற்பது பேருக்கு இரவுச் சாப்பாடு, விடிய விடியத் தேத்தண்ணி, அடுத்த நாள் கிடாரம் கழுவுகிறவர்களுக்குச் சாப்பாடு. இவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

வளவில் பந்தல் போட்டால் மலிவு என்று நினைப்பீர்கள். தகரப்பந்தல், கதிரை, ஜெனரேற்றர், தண்ணீர் என்று கூட்டிப் பாருங்கள், கோயில் மடத்தின் வாடகையைத் தாண்டிவிடும். நிழல் மரமும் வற்றாத கிணறும் இருந்தால் மட்டும் வீடு. வீடியோவை விடுங்கள், படம் பிடிக்க ஒருவர், அதுவும் அரை நாள். மேளத்தைக் குறைக்காதீர்கள். மேளம் இல்லாத தாலிகட்டை நான் ஒருமுறை பார்த்தேன், யாரோ அலைபேசியில் கெட்டிமேளம் போட்டார்கள். போதும்.

எழுத்தை, அதாவது கலியாணப் பதிவை, தனி நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் வேறு வேறு பதிவாளர் பிரிவில் இருப்பதால் இரண்டு இடத்திலும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுத்து 12 நாட்கள் கழிந்த பிறகுதான் எழுத்தை நடத்த அனுமதிக்கும் சான்றிதழ் தருவார்கள். அறிவித்தல் கொடுத்த மூன்று மாதத்துக்குள் எழுத்தை முடித்துவிட வேண்டும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதியை இப்போதே பிரதேச செயலகத்தில் எடுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு முடித்தால் அந்த நாளுக்கென்று பெரிய செலவு இல்லை.

8 இலட்சத்தில் முதலே ஒரு இலட்சத்தை ஒதுக்கி அம்மாவின் பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள். கலியாணம் முடியும்வரை அது இல்லை என்றே நினையுங்கள். மீதி 7 இலட்சத்தில் தாலியும் கூறைப்புடவையும் ஒரு பக்கம், சாப்பாடு, மடம், ஐயர், மேளம் இன்னொரு பக்கம். பொன்னின் விலை ஏறினால் கூறையின் விலையை இறக்குங்கள், சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

ஆட்களின் பட்டியலை மட்டும் நீங்கள் எழுதவேண்டாம். கொப்பியையும் பேனையையும் அம்மாவிடம் கொடுத்து, 120 வரை இலக்கம் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். 135 இல் வந்து நின்றாலும் சண்டை பிடிக்காதீர்கள். அந்த 17 கிலோ அதற்கும் காணும், கிடாரமும் அதேதான்.