ஒழுகுவதால் சிறுநீர்ப்பை காலி என்று அர்த்தமில்லை

கேள்வி: எனக்கு வயது 68. ஐந்து மாதம் முன்பு புராஸ்டேட் வீக்கத்துக்கு டி.யூ.ஆர்.பி. (சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவி விட்டுப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பது) ஆபரேஷன் செய்தார்கள். டியூப் எடுத்த பிறகு இரண்டு மாதம் நன்றாகவே இருந்தேன். இப்போது இரவும் பகலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. பேரன் மடியில் ஏறினால்கூட இறக்கிவிடுகிறேன். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். தசை அறுந்திருக்குமோ?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, 'இரண்டு மாதம் நன்றாகவே இருந்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபரேஷனில், சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் சுருக்குத்தசை காயப்பட்டிருந்தால் டியூப் எடுத்த உடனேயே தெரிந்திருக்கும். இருமினாலும், நாற்காலியை விட்டு எழுந்தாலும் வேட்டி நனைந்திருக்கும். அப்படி நேர்வது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு.

நான் சந்தேகப்படுவது வேறு. புண் ஆறும்போது சிறுநீர்க் குழாயிலோ சிறுநீர்ப்பையின் வாயிலோ தழும்பு விழுந்து வழி சுருங்கிவிடுவதுண்டு. பை காலியாகாமல் நிரம்பி நிற்கும், மிஞ்சியது வழியும். சிறுநீர் நூல் போல மெலிந்து வருகிறதா? முக்கினால்தான் வருகிறதா? போய்விட்டு வந்த பிறகும் அடிவயிறு கனமாக இருக்கிறதா? ஆம் என்றால் இந்த வாரமே யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். தேங்கி நிற்கும் சிறுநீர் கிட்னியையே கெடுத்துவிடும்.

சிறுநீர் கழித்த கையோடு ஸ்கேன் எடுத்தால் பையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு புனலில் கழிக்கச் சொல்லி, வேகத்தை மெஷினில் பதிவார்கள். தேவைப்பட்டால் கேமரா விட்டுப் பார்த்து, சுருங்கிய இடத்தை விரித்துவிடுவார்கள்.

அதுவரை யாரோ சொன்னார்கள் என்று 'ஒழுகலை நிறுத்தும்' மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பையின் அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை அடைப்பை மோசமாக்கலாம். சில சளி மாத்திரைகளும் அப்படித்தான். தண்ணீரையும் குறைக்காதீர்கள், கிருமி சேரும். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ, அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒருவேளை தசைதான் காரணம் என்றாலும் பயப்பட வேண்டாம். இடுப்புத்தசைப் பயிற்சியிலேயே பலருக்குக் குறைகிறது. அதிலும் நிற்காதவர்களுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை 1970-களிலிருந்தே இருக்கிறது. குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பையில் ஒரு சிறு பம்ப். அதை அமுக்கினால் பட்டை தளர்ந்து சிறுநீர் போகும், பிறகு தானே மூடிக்கொள்ளும்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் சாப்பிடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆண்களுக்கான பேட் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, பேரனை மடியில் உட்காரவிடுங்கள்.