ஆபீஸ் விபிஎன் போட்டா வீட்ல மத்தவங்க பாக்குறதும் தெரியுமா?

கேள்வி: வீட்ல இருந்துதான் வேலை பாக்குறேன், ஆபீஸ் லேப்டாப்ல விபிஎன் போட்டாதான் உள்ளயே போக முடியும். அதே வைஃபைலதான் வீட்டுக்காரர் போன், பையன் டேப்லெட், டிவி, ஹால் கேமரா எல்லாம் இருக்கு. நான் கனெக்ட் பண்ணதும் இவங்க பாக்குறதும் ஆபீஸுக்குத் தெரியுமா? என் சொந்த போன்லயும் ஆபீஸ் ஆப் போடச் சொல்றாங்க, பயமா இருக்கு.

பதில்: முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. விபிஎன்ங்கிறது உங்க லேப்டாப்ல இருந்து ஆபீஸுக்குப் போற தனிப் பாதை, வீட்டுக்காரர் போன் அந்தப் பாதையில ஏறவே ஏறாது, அது வழக்கம்போல ரவுட்டர் வழியா நேரா இன்டர்நெட்டுக்குப் போயிடும். ஆபீஸ்ல ரவுட்டர் மாதிரி ஒரு பெட்டி குடுத்திருந்தா மட்டும் கதை வேற, அதுல வீட்டு போனை எல்லாம் கனெக்ட் பண்ணிடாதீங்க.

நீங்க கவனிக்க வேண்டியது விபிஎன்னை இல்ல, லேப்டாப்பைத்தான். விபிஎன்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல ஆபீஸ் வேலை மட்டும் அந்தப் பாதையில போகும், இன்னொண்ணுல லேப்டாப்ல நீங்க திறக்குற எல்லாமே ஆபீஸ் வழியாத்தான் போகும். விபிஎன் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை உங்க ஐபி (இன்டர்நெட்ல உங்க கனெக்ஷனை அடையாளம் காட்டுற நம்பர்) என்னன்னு கூகுள்ல தேடிப் பாருங்க, நம்பர் மாறினா பெரும்பாலும் ரெண்டாவது வகைதான். மாறலைன்னாலும் நிம்மதி ஆயிடாதீங்க, ஏன்னா லேப்டாப்ல கம்பெனி தன்னோட சர்டிபிகேட்டை (சைட் உண்மையானதுதான்னு பிரவுசருக்குக் காட்டுற டிஜிட்டல் சான்று) போட்டு வச்சிருக்கலாம், அப்படி இருந்தா பூட்டுப் படம் போட்ட சைட்ல நீங்க டைப் பண்றதைக்கூட நடுவுல பிரிச்சுப் பாக்க வழி இருக்கு. பிரவுசர்ல சர்டிபிகேட்டைத் திறந்து அதைக் குடுத்தது யாருன்னு பாருங்க, கம்பெனி பேரோ ஏதாவது செக்யூரிட்டி சாப்ட்வேர் பேரோ இருந்தா அதான் நடக்குது. இன்காக்னிட்டோ போட்டாலும் பிரயோஜனம் இல்ல, அது லேப்டாப்ல ஹிஸ்டரி சேராம பாத்துக்கும், அவ்வளவுதான். அதனால பேங்க் வேலை, டாக்டர் ரிப்போர்ட், பையன் ஸ்கூல் விஷயம் எதையும் தயவுசெஞ்சு அந்த லேப்டாப்ல திறக்காதீங்க.

இன்னொண்ணு, இதைப் பலரும் யோசிக்கிறதே இல்ல. லேப்டாப் உங்க வைஃபைக்குள்ள உக்காந்திருக்கு, டிவியும் பிரிண்டரும் தன் பேரை சொல்லிக்கிட்டே இருக்கும், அது லேப்டாப் காதுல விழும், அதுல இருக்கிற செக்யூரிட்டி சாப்ட்வேர் நினைச்சா வீட்ல என்னென்ன சாதனம் இருக்குன்னு லிஸ்ட் எடுக்க முடியும். இதுக்கு வழி ரொம்ப சுலபம், ரவுட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணி புது பாஸ்வேர்ட் போட்டு ஆபீஸ் லேப்டாப்பை அதுல மட்டும் விடுங்க. கெஸ்ட்ல இருக்கிறவங்க மத்த சாதனங்களைப் பாக்கலாம்ங்கிற ஆப்ஷன் ஆஃப்ல இருக்கணும். கூடவே ரவுட்டரோட அட்மின் பாஸ்வேர்ட் வாங்கினப்ப இருந்ததே இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.

போன் விஷயத்துல ஆண்ட்ராய்டா இருந்தா வொர்க் ப்ரொஃபைல்னு கேளுங்க, ஆபீஸ் ஆப் எல்லாம் சின்ன பெட்டி படத்தோட தனியா நிக்கும், உங்க போட்டோ, மெசேஜ் பக்கம் அவங்க வர முடியாது, வேலைய விட்டா அந்தப் பகுதிய மட்டும் அழிப்பாங்க. ஆனா ஆப் போடும்போது போன் மொத்தத்தையும் அழிக்க அனுமதி கேட்டா ஓகே அடிக்காதீங்க, ஆபீஸ் போன் ஒண்ணு குடுங்கன்னு கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல.

கேள்வி: விபிஎன் போட்டதும் வீட்டு பிரிண்டர் காணாம போயிடுது, ஏன்?

பதில்: சில கம்பெனி விபிஎன் வீட்டு நெட்வொர்க்கை வேணும்னே அடைச்சிடும், பாதுகாப்புக்காகத்தான். இல்லைன்னா வீட்டு நெட்வொர்க்கோட ஐபி நம்பரும் ஆபீஸோடதும் மோதும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் உள்ளுக்குள்ள பயன்படுத்தன்னு ஒதுக்கி வச்ச நம்பர் வரிசை 10, 172.16-ல இருந்து 172.31, 192.168-னு மூணே மூணுதான், அதனால ரெண்டு இடத்துலயும் 192.168.1-னே இருந்தா லேப்டாப் குழம்பிடும். ரவுட்டர்ல அதை 192.168.77-னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் வரலைன்னா பெரும்பாலும் அடைச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஐடி டீம்கிட்டதான் கேக்கணும்.