400 ஜிபி பேக்கப்புக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும்?

கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்கள், கணினியில் 400 ஜிபி படமும் வீடியோவும், 500 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கினால் காணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காணாது.

மாதம் ஒருக்கா முழு பேக்கப், மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் என்று வைப்போம். ஒரு நாளைக்குப் புதுப்படம் 3 ஜிபி சேருகிறதென்றால் கணக்கு 3 இல்லை. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருள், செய்த திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கேட்லாக் மாதிரி ஒரு 2 ஜிபி பைலில் நீங்கள் ஒரேயொரு படத்தைத் திருத்தினாலும், சாதாரண பேக்கப் மென்பொருள் அந்த முழு பைலையும் திரும்ப எடுக்கும். ஆக ஒரு நாளைக்கு 5 ஜிபி, முப்பது நாளுக்கு 150. முழுசோடு சேர்த்தால் ஒரு செட் 550 ஜிபி. இரண்டு மாதச் செட் வைத்திருக்க 1100. பழையதை அழிப்பதற்கு முன்னமே புது முழு பேக்கப் ஓடி முடிய வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பது, அதற்கு இன்னொரு 400. மொத்தம் 1500.

சுருக்கினால் குறையுமே என்று நம்ப வேண்டாம், ஜேபெக் படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை. 2 டிபி வாங்குங்கள், விண்டோஸில் அது 1862 ஜிபி அளவில்தான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

சரி, அந்த 3 ஜிபியை எப்போது அளந்தீர்கள்? ஆடியில் என்றால், கல்யாணமும் சாமத்தியவீடும் நிறைந்த மாதமொன்றில் திரும்ப அளந்து பாருங்கள்.