மெக்சிகோவின் கான்குனில் குழந்தைகளோடு எந்தக் கடற்கரையில் குளிக்கலாம்?

பிள்ளைகளுக்கு நீச்சல் அரைகுறை, கான்குனில் எந்தக் கரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோட்டல்கள் இருக்கும் பகுதி ஏழு என்ற எண்ணின் வடிவில் வளைந்திருக்கும். அதன் வடக்குக் கரைகளுக்கு எதிரே இஸ்லா முகேரெஸ் தீவு இருப்பதால் அலை குறைவு. லங்கோஸ்தா, தொர்துகாஸ் கரைகள் இரண்டும் அந்தப் பக்கம்தான். தயங்காமல் அங்கே போங்கள். கிழக்கே திறந்த கடல். டெல்ஃபினெஸ் கரை அவ்வளவு அழகு, ஆனால் பிள்ளைகளை அங்கே இறக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது பெரிய அலைக்கு அல்ல, ஆளைக் கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்துக்கு. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். பலர் அங்கேதான் இறங்குகிறார்கள்! கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. சிக்கினால் எதிர்த்து நீந்தாதீர்கள், சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையசைத்து உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள்.

கரையில் பறக்கும் கொடியையும் பாருங்கள்: பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு ஆபத்து, கறுப்பு என்றால் கடலில் இறங்கவே கூடாது. பசிபிக் பக்கமும் போவதாக இருந்தால், வஹாக்கா மாநிலத்தின் சிபொலித்தே, சிகத்தேலா கரைகள் இரண்டிலும் கடலில் இறங்காமல் மணலோடு நின்றுவிடுங்கள்.