அலமாரியில இருக்கிற அந்த ஃபோன்

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கோம். 2021ல மியன்மார்ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதுல இருந்து அந்த ஜனங்களோட போராட்டத்தப் பத்தி ஃபேஸ்புக்ல விடாம எழுதிட்டு வரேன். முதல்ல நெறைய பேர் ஷேர் பண்ணாங்க, இப்ப பத்து லைக் கூட வரல, டிவியிலயும் எப்பவாவதுதான் காட்டுறாங்க. வீட்டுக்காரர் 'அடுத்த நாட்டு விஷயம் நமக்கெதுக்கு'ங்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தை மெய்ட் ஃபோனை வாங்கி அலமாரில வச்சுட்டுப் படுக்கப் போவாங்க, அவளும் மியன்மார்தான், அப்புறம்தான் வீடு அமைதியாகும், நானும் உக்காந்து எழுதுவேன். ஜனங்க மறந்துடாம இருக்க நான் என்ன பண்ணணும்?

பதில்: நீங்க ஃபேஸ்புக்ல எழுதுறதெல்லாம் கொஞ்சம் ஓரமா இருக்கட்டும்மா, எனக்கு அந்த அலமாரிதான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

2021 பிப்ரவரி 15ல இருந்து வாரக்கணக்கா, தினமும் ராத்திரி 1 மணிக்கு ராணுவம் நாடு பூரா இன்டர்நெட்ட நிறுத்தி காலைல 9 மணிக்குத்தான் திருப்பி விட்டாங்க, வீடு வீடாப் போய் ஆளுங்களப் புடிச்ச நேரமும் அந்த ராத்திரிதான். நீங்க அதப் பத்திக் கோபமா எழுதியிருப்பீங்க. உங்க அத்தையும் ராணுவமும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, ஆனா ராத்திரியில அம்மா குரலைக் கேக்க முடியாம ஒரு பொண்ணு உங்க வீட்டுல படுத்திருக்கா, அதே நேரம் நீங்க ஹால்ல உக்காந்து அவ நாட்டப் பத்தி எழுதுறீங்க, இது உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

மணியப் பாருங்க. அங்க நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, இங்க ஒன்பதுன்னா அங்க ஏழரை. வேலைக்குப் போனவங்க திரும்பி வந்து சாப்பிட்டு, கரண்ட் இருந்தா ஃபோனை சார்ஜ் போட்டு உக்கார்ற நேரம். ஆட்சியப் புடிச்ச புதுசுல ஜனங்க தினமும் ராத்திரி எட்டு மணிக்கு சட்டி பானையத் தட்டி எதிர்ப்பு காட்டுனாங்களே, அது நமக்கு ஒன்பதரை. சரியா அந்த நேரத்துல உங்க வீட்டுல ஃபோன் அலமாரிக்குள்ள.

இன்னொண்ணு, கடிதத்துல அவ பேரே இல்ல. அவளுக்குத் தம்பி இருக்கானா, வயசு என்னன்னு தெரியுமா? 2024 பிப்ரவரியில அங்க கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்த அமலாக்குனாங்க, ஆம்பளைங்க 18லருந்து 35, பொம்பளைங்க 18லருந்து 27. 2025 மார்ச் 28ல சகாயிங், மண்டலே பக்கம் 7.7 அளவுல பூகம்பம் வந்துச்சே, அவ ஊர் எந்தப் பக்கம்? அன்னிக்கு ராத்திரியும் ஒன்பது மணிக்கு ஃபோன் உள்ள போயிருந்தா, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். அத்தை பண்றதுன்னு தள்ளி விடாதீங்க. மாமியாருக்கு மரியாதை குடுக்கணும்தான், நானும் அப்படித்தான் வாழ்ந்தேன், ஆனா பெரியவங்க பண்றது தப்புன்னா எடுத்துச் சொல்றதும் அந்த மரியாதையிலதான் சேரும். நம்ம வீட்டுல சோறாக்கிப் போடுற பொண்ணுக்கு நாமதான் பொறுப்பு.

வீட்டுக்காரர் கேட்டதுக்கும் சொல்றேன். எங்க பெரியம்மா ரங்கூன் மொகல் தெருவுல பொறந்தவங்க. 1962ல நீ வின்னுங்கிற ராணுவத் தளபதி ஆட்சியப் புடிச்சு, அடுத்த ரெண்டு வருஷத்துல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, நம்ம ஜனங்க கப்பல் கப்பலா சென்னைக்கு வந்து எறங்குனாங்க, பர்மா பஜார் அப்படி வந்தவங்க போட்ட கடைங்கதான். பெரியம்மா கல்யாண வீடு, காரிய வீடுன்னு எங்க உக்காந்தாலும் அந்தக் கதைய ஆரம்பிப்பாங்க, நாங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போயிடுவோம். ஒரு தடவ கூட முழுசா கேக்கல. இப்ப அவங்க இல்ல. அடுத்த நாடுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் அவரோட தாத்தா பாட்டி எந்தக் கப்பல்ல வந்தாங்கன்னு விசாரிச்சுப் பாக்கட்டும்.

அதுக்காக நாளைக்கே அவள உக்கார வச்சுக் கதை கேட்டு ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க. போட்டோ, ஊர் பேர், எதுவுமே கூடாது. அவ பாஸ்போர்ட் புதுப்பிக்க அதே அரசாங்கத்தோட தூதரகத்துக்குத்தான் போகணும், அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க. வெளிநாட்டுல வேலை பாக்குறவங்க சம்பளத்துல கால் பங்க அவங்க சொல்ற பேங்க் வழியாத்தான் அனுப்பணும்னு 2023லயே உத்தரவு போட்டவங்க. போராட்டக் கூட்டம் போட இடம் விட்டிருக்கிற ஹாங் லிம் பார்க்ல கூட்டம் நடந்தாலும் பெர்மிட் இல்லாம வெளிநாட்டுக்காரங்க கலந்துக்க இந்த ஊர் சட்டத்துல இடம் இல்ல, அவளக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவளா வாயத் திறந்தா கேளுங்க, இல்லேன்னா சும்மா இருங்க. மாசம் ஒரு ஆஃப் டே கட்டாயம் குடுக்கணும், காசு குடுத்து ஈடுகட்ட முடியாதுன்னு 2023ல இருந்து சட்டமே இருக்கு, நீங்க எல்லா ஞாயித்துக்கெழமையும் விடுங்க, பெனின்சுலா பிளாசா போய் அவ பாஷையில பேசி அவ ஊர் சாப்பாடு சாப்பிட்டு வரட்டும்.

எழுதுறத நிறுத்தச் சொல்லல. தினமும் செய்தி லிங்க்க எடுத்துப் போட்டா யார் பாப்பா? தேதி பாத்து எழுதுங்க. மியா த்வே த்வே கைன்னு ஒரு பொண்ணு, 2021 பிப்ரவரி 9ல நேப்பிடோ போராட்டத்துல தலையில சுட்டாங்க, ஆஸ்பத்திரியில கெடந்தப்பதான் 20 வயசு பொறந்துச்சு, 19ஆம் தேதி செத்துப் போச்சு. வருஷா வருஷம் அந்த ரெண்டு தேதியிலயும் அவளப் பத்தி நல்ல தமிழ்ல நாலு வரி எழுதுங்க, பத்து பேர் படிச்சா போதும்.

அத்தைகிட்ட சண்டை வேண்டாம். பொண்ணு ராத்திரி பூரா பேசிட்டு காலைல தூங்கிடுவாளோங்கிற பயமா இருக்கும். 'வேலையில கொறை வந்தா என்கிட்ட சொல்லுங்க அத்தை, ஃபோன் இனிமே அவகிட்டயே இருக்கட்டும்'னு உங்க வீட்டுக்காரர் முன்னாடி வச்சே சொல்லுங்க. இத இன்னிக்கு ஒன்பது மணிக்கு முன்னாடி சொல்லிடுங்க.